தாத்தாவை நாற்காலியிலிருந்து எழுப்புங்கள்

இதைப் படிக்கும்போது நீங்கள் பெரும்பாலும் உட்கார்ந்துதான் இருப்பீர்கள். ஒரு நிமிடம் நாளிதழைக் கீழே வையுங்கள். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல், எதிலும் ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள். பிறகு உட்காருங்கள். அவ்வளவுதான். உங்களுக்கு இது ஒரு வேலையே இல்லை. ஆனால் இந்தச் சின்னச் செயலுக்குப் பின்னால் தொடைத் தசைகள், பிட்டத் தசைகள், முட்டிகள், உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, நரம்புகள், மூளை என்று ஒரு பெரிய கூட்டமே வேலை செய்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் சோர்ந்து போனாலும் எழுந்திருப்பது கடினம்.

இரண்டு தீபாவளிக்கு முன்பு என் அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை.

அவருக்குப் பெரிய நோய் எதுவும் இல்லை. கொஞ்சம் இரத்த அழுத்தம், அதற்கு மாத்திரை. 37 ஆண்டுகள் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை செய்தவர். நாள் முழுக்க அடுக்குகளுக்கு இடையே நடப்பதும், பெட்டிகளைத் தூக்கி வைப்பதும், ஏணியில் ஏறி இறங்குவதும்தான் வேலை. 60 வயதில் ஓய்வு பெற்றார். பிள்ளைகள் நாங்கள் மூவரும் கூடிப் பேசி, பணம் போட்டு, நல்ல சாய்வு நாற்காலி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். "நீங்க உழைச்சது போதும்பா. இனிமே காலை நீட்டி உட்காருங்க, எல்லாத்தையும் நாங்க பாத்துக்குறோம்" என்றோம். சொன்னபடியே பார்த்துக்கொண்டோம். தண்ணீர் வேண்டுமென்றால் அம்மா கொண்டு வருவார். ரிமோட் கீழே விழுந்தால் என் மகன் ஓடி எடுத்துக் கொடுப்பான். கடைக்குப் போவதென்றால் தம்பி மோட்டாரில் போய் வந்துவிடுவான்.

மூன்று ஆண்டுகள் இப்படிப் போயின. அந்தத் தீபாவளிக்குப் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். அண்ணன் வருகிறாரே என்று அப்பா எழுந்தார். பாதி எழுந்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், அதற்கு முந்திய வாரம்தான் படிவம் 4 மாணவர்களுக்கு எலும்பும் தசையும் பற்றிய பாடத்தை நடத்தி முடித்திருந்தேன். பயன்படுத்தாத தசை சுருங்கும் என்று வெண்பலகையில் நானே எழுதிப் போட்டிருந்தேன்.

ஐந்து இளைஞர்களும் ஒரு கட்டிலும்

1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. உடல்நலம் நன்றாக இருந்த 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். வேறு எந்தத் தொந்தரவும் இல்லை. சும்மா படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து அவர்களின் உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு உயிர்வளியைப் பயன்படுத்த முடிகிறது என்று அளந்தார்கள். ஓடும்போது, மாடி ஏறும்போது உடல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைக் காட்டும் அளவு இது. படுப்பதற்கு முன்பு இருந்ததைவிட அது கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. பிறகு பயிற்சி கொடுத்ததும் மீண்டும் ஏறியது.

கதை இத்துடன் முடியவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மீண்டும் அளந்தார்கள். இப்போது அவர்களுக்கு 50 வயது. உடம்பு போட்டிருந்தது, முடி நரைத்திருந்தது. ஆனாலும் அவர்களில் ஒருவரின் அளவுகூட, 20 வயதில் மூன்று வாரம் படுத்து எழுந்தபோது இருந்ததைவிட மோசமாக இல்லை. முப்பது ஆண்டு முதுமை செய்ததைவிட அதிகமான சேதத்தை மூன்று வாரப் படுக்கை செய்திருந்தது.

அடுத்து ஆறு மாதம் அவர்களுக்கு நடை, மெதுவோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். முப்பது ஆண்டுகளில் இழந்த அந்தத் திறன் முழுவதும் திரும்பி வந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அது எப்படித் திரும்பியது என்பதுதான். இதயம் இளமையாகிவிடவில்லை. வந்து சேரும் இரத்தத்திலிருந்து உயிர்வளியைப் பிரித்தெடுப்பதில் தசைகள் கெட்டிக்காரத்தனம் காட்டத் தொடங்கின.

ஐந்து பேர்தானே, இதை வைத்து எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியுமா என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. ஐந்து பேர் மிகக் குறைவு, அனைவரும் ஆண்கள். ஆனால் இதே திசையைக் காட்டும் ஆய்வுகள் பிறகு பல வந்தன. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சராசரி 67 வயதுள்ள, உடல்நலத்தோடு இருந்த ஒரு சிறு குழுவைப் பத்து நாள் படுக்க வைத்தார்கள். பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்பற்ற திசு காணாமல் போனது. அதில் பெரும்பகுதி தசைதான். பாட்டிக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டு எழுந்தால், "காய்ச்சல் விட்டும் கால்ல பலமே இல்ல" என்கிறாரே, அது மனப்பிரமை இல்லை.

தசை ஏன் கரைகிறது?

தசையைக் கல்லால் கட்டிய சுவர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது பொருளகக் கணக்கு மாதிரி. ஒவ்வொரு நாளும் உடல் பழைய தசைப் புரதத்தை உடைக்கிறது, புதியதைக் கட்டுகிறது. வரவும் செலவும் சமமாக இருந்தால் தசை அப்படியே இருக்கும். தசை சுருங்கி வேலை செய்வதும், உணவில் வரும் புரதமும்தான் வரவு. வேலை நின்றால் வரவு குறைகிறது, செலவு நிற்பதில்லை. உடலைக் குறை சொல்லவும் முடியாது. தசையை வைத்துக்கொள்ள ஆற்றல் தேவை. யாரும் பயன்படுத்தாத ஒன்றுக்கு எதற்குச் சோறு போடவேண்டும்?

முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது என்று மதிப்பிடுகிறார்கள். அறுபதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. இதற்கு 1989இல் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க அறிஞர் 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'சதை வறுமை' என்று பொருள். பெயர் வைக்கும் வரை அதை ஒரு சிக்கலாகவே பலர் கருதவில்லை. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள்.

எல்லாத் தசை இழைகளும் ஒரே மாதிரிக் கரைவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் தசையில் மெதுவாகச் சுருங்கி நீண்ட நேரம் தாங்கும் இழைகளும், சட்டென்று சுருங்கி வலுவைக் காட்டும் வேக இழைகளும் உண்டு. முதுமையில் முதலில் அடிபடுவது வேக இழைகள். குளியலறையில் ஈரத்தில் கால் வழுக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அரை நொடிக்குள் அடுத்த காலை எடுத்து வைத்துச் சமாளித்துவிடுவீர்கள். அந்த அரை நொடி வேலையைச் செய்வது வேக இழைகள். தாத்தாவுக்கு வழுக்கியது தெரியும், என்ன செய்யவேண்டும் என்பதும் தெரியும். கால்தான் நேரத்துக்கு வந்து சேராது. விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். முறிந்தால் படுக்கை. படுக்கை என்ன செய்யும் என்பதை மேலே படித்துவிட்டீர்கள்.

எலும்பின் கதையும் இதே போன்றதுதான். எலும்பில் கட்டும் உயிரணுக்களும் உண்டு, அரிக்கும் உயிரணுக்களும் உண்டு. எலும்பின் மேல் எடை விழும்போது, தசை அதை இழுக்கும்போது, கட்டுபவர்களுக்கு வேலை வருகிறது. நம் நாட்டின் டாக்டர் ஷேக் முஸாபார் 2007 அக்டோபரில் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் போய் வந்தாரே, அங்கே பல மாதங்கள் தங்கும் விண்வெளி வீரர்கள் பயிற்சி செய்யாவிட்டால் இடுப்பு, தொடை போன்ற இடங்களில் மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை எலும்பின் அடர்த்தியை இழக்கிறார்கள். எடையே இல்லாத இடத்தில் எலும்பு எதற்கு? அதனால்தான் அங்கே தினமும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள். வரவேற்பறையில் நாள் முழுக்கச் சாய்ந்து கிடக்கும் தாத்தாவும் பாதி விண்வெளி வீரர்தான். பயிற்சி நேரம் மட்டும் அவர் கால அட்டவணையில் இல்லை.

பால் மரக் காட்டில் ஒரு காலை

என் தாத்தா கூலாய் அருகே ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். உங்களில் பலரின் தாத்தா, பாட்டியும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். விடியும் முன்பே பெரட்டு. பிறகு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடை. சூரியன் ஏறும் முன்பே வெட்ட வேண்டும். ஏனென்றால் குளிர்ந்த நேரத்தில் மரத்தின் உள்ளே நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் குறையும், ஓட்டமும் குறையும். (இது உங்கள் தாவரவியல் பாடத்துக்கு உதவும்.) ஒருவருக்கு 400, 500 மரங்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து, நிமிர்ந்து, பட்டையைச் சீவி, மங்கைச் சரிசெய்து அடுத்த மரத்துக்கு நடக்க வேண்டும். பிறகு அதே பாதையில் திரும்பி வந்து பாலைச் சேகரித்து, வாளிகளைக் காண்டாவில் மாட்டித் தோளில் சுமக்க வேண்டும். இன்று உடற்பயிற்சி நிலையத்துக்கு மாதக் கட்டணம் கட்டி மக்கள் செய்யும் நடை, குந்தி எழுதல், எடை தூக்குதல் அனைத்தும் ஒரே காலையில் முடிந்துவிடும்.

அந்த வாழ்க்கையை நான் புகழவில்லை. சம்பளம் குறைவு, கொசு, அட்டை, பாம்பு, மழை வந்தால் நாள் கூலி போச்சு. முதுகு தேய்ந்து போனவர்கள் அதிகம். நான் சொல்ல வருவது வேறு. தோட்டம் செம்பனையாக மாறி, பிறகு நிலமும் விற்கப்பட்டு, லயத்து மக்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிக்கும் வந்தபோது, அவர்களின் உடல் ஒரே நாளில் வேறோர் உலகத்துக்கு வந்தது. நேற்று வரை 500 மரம். இன்று முதல் தொலைக்காட்சி. என் தாத்தா கொஞ்சம் தப்பித்தார். தாமானுக்குப் பின்னால் இருந்த தரிசு நிலத்தில் மரவள்ளியும் கீரையும் போட்டு, கடைசி வரை நோண்டிக்கொண்டே இருந்தார். அக்கம் பக்கத்தார் "பெரியவர் சும்மா இருக்க மாட்டாரே" என்று கேலி செய்வார்கள். நாங்களும்தான்.

தமிழ்நாட்டில், கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் என்ற பாட்டி இருந்தார். இரண்டரை ஏக்கர் நிலத்தில் இயற்கை முறையில் வாழை, காய்கறிகள் பயிரிட்டார். நூறு வயதைக் கடந்த பிறகும் நிலத்துக்குப் போய் வந்தார். 2021இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 2024 செப்டம்பரில் காலமானார். நம் நாட்டில் துன் மகாதீர் 2003இல் பிரதமர் பதவியிலிருந்து ஓய்வு பெற்று, 2018 மே மாதத்தில் 92 வயதில் மீண்டும் பிரதமரானது உங்களுக்குத் தெரியும். இப்படிப்பட்டவர்களைக் காட்டி "பார், வேலை செய்தால் நூறு வயது வாழலாம்" என்று சொல்பவர்களிடம் மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள். நூறு வயது வரை வயலுக்குப் போனதால் நலமாக இருந்தாரா, நலமாக இருந்ததால் வயலுக்குப் போக முடிந்ததா? ஒருவரை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது.

இந்தச் சந்தேகத்தை அறிவியல் அறிஞர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்பதற்கு ஓர் அழகான கதை உண்டு. 1953இல் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டன் மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளில் வேலை செய்த ஆயிரக்கணக்கானோரை ஆராய்ந்தார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க நாளுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவார். ஒரே பேருந்து, ஒரே நகரம், ஏறத்தாழ ஒரே சம்பளம். ஆனால் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. உடனே ஒரு கேள்வி எழுந்தது: குண்டானவர்கள்தான் ஓட்டுநர் வேலையைத் தேர்ந்தெடுக்கிறார்களோ? மோரிஸ் என்ன செய்தார் தெரியுமா? சீருடைக் கணக்கைத் தேடிப் போனார். வேலைக்குச் சேர்ந்தபோது யாருக்கு எந்த அளவு கால்சட்டை கொடுத்தார்கள் என்று பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு உண்மையிலேயே பெரிதாகத்தான் இருந்தது! ஆனால் ஒரே இடுப்பளவு உள்ளவர்களை மட்டும் ஒப்பிட்டபோதும் நடத்துநர்கள் முந்தினார்கள். தன் கருத்துக்கு எதிரான சான்றைத் தானே தேடிப் போனாரே, அதற்காகவே இந்த ஆய்வை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்வேன்.

தொண்ணூறு வயதில் எடை தூக்கியவர்கள்

சரி, தசை ஏற்கனவே கரைந்துவிட்டது. இனி என்ன செய்வது? வயதானவரைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்றுதான் நெடுங்காலம் மருத்துவர்களும் நினைத்தார்கள். 1990இல் மரியா பியட்டரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பாஸ்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு மையத்தில் 90 வயதை ஒட்டிய, தளர்ந்துபோன பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். லேசான எடை இல்லை. ஒவ்வொருவரின் சக்திக்கும் ஏற்ப, உண்மையிலேயே கனமான எடை. எட்டு வாரத்தில் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டார்கள்.

ஆனால் தொடைத் தசையின் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடுதான் கூடியது. வலு இவ்வளவு, தசை இவ்வளவுதானா? கணக்கு இடிக்கிறதே என்று தோன்றினால், நீங்கள் கவனமாகப் படிக்கிறீர்கள் என்று பொருள். விடை நரம்பில் இருக்கிறது. ஒரு தசையில் உள்ள எல்லா இழைகளையும் மூளை எப்போதும் அழைப்பதில்லை. நெடுங்காலம் அழைக்காமல் இருந்தால் அழைக்கும் பழக்கமே விட்டுப்போகும். பயிற்சி தொடங்கியதும், தூங்கிக்கொண்டிருந்த இழைகளுக்கு நரம்பு மீண்டும் கட்டளை அனுப்பக் கற்றுக்கொள்கிறது. முதல் சில வாரங்களில் வரும் வலு பெரும்பாலும் இப்படி வருவது. தசை வளர்வது அதற்குப் பின்னால் மெதுவாக. பயிற்சியை நிறுத்திய நான்கு வாரத்தில் வலுவில் மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது என்பதையும் அந்த ஆய்விலேயே எழுதி வைத்தார்கள்.

நடையைப் பற்றியும் ஒரு சொல். தினமும் 10,000 அடி நடக்கவேண்டும் என்ற எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது; ஆய்விலிருந்து வந்ததில்லை. 2019இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள 16,000க்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்தபோது, நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு வாய்ப்பு குறைந்திருந்தது; 7,500க்கு மேல் பெரிய மாற்றம் இல்லை. "பத்தாயிரம் முடியாது" என்று பாட்டி நடையையே விட்டுவிட வேண்டியதில்லை. சாப்பிட்ட பிறகு கொஞ்சம் நடந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. வேலை செய்யும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு என்று 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது.

மூளையும் சும்மா இருக்கக் கூடாது

ஓய்வு என்பது கால்களுக்கு மட்டும் வருவதில்லை. வேலை நாளில் மனிதன் எத்தனை பேரிடம் பேசுகிறான், எத்தனை பெயர்களை நினைவில் வைக்கிறான், எத்தனை சின்னச் சிக்கல்களைத் தீர்க்கிறான்! அது நின்றுபோகிறது. பிரிட்டன் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த 'வைட்ஹால்' ஆய்வில், சொற்களை நினைவில் வைக்கும் திறன் ஓய்வுக்கு முன்பைவிட ஓய்வுக்குப் பின் 38 விழுக்காடு வேகமாகக் குறைந்ததாக 2018இல் வெளியிட்டார்கள். மற்றத் திறன்களில் அப்படித் தெளிவான வேறுபாடு இல்லை.

'கன்னியாஸ்திரி ஆய்வு' என்று ஒன்று உண்டு. 1986இல் டேவிட் ஸ்னோடன் தொடங்கியது. 678 கன்னியாஸ்திரிகள் ஆண்டுதோறும் நினைவுத்திறன் சோதனைக்கு உட்பட்டார்கள். இறந்த பிறகு மூளையை ஆய்வுக்குக் கொடுக்கவும் சம்மதித்தார்கள். அவர்களில் சிஸ்டர் மேரி என்பவர் 101 வயது வரை வாழ்ந்தார். சோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்கினார். இறந்த பின் மூளையைப் பார்த்தால், அல்சைமர் நோயின் அடையாளங்கள் நிறைந்திருந்தன! நோய் இருந்தது, ஆனால் வெளியே தெரியவில்லை. படிப்பும் வேலையும் பேச்சும் சேர்ந்து மூளையில் பல மாற்றுப் பாதைகளைப் போட்டு வைத்திருந்தால், ஒரு பாதை அடைபட்டாலும் செய்தி வேறு வழியில் போய்ச் சேரும் என்று இதை விளக்குகிறார்கள். ஜொகூர் பாருவில் முதன்மைச் சாலை நெரிசலானால் உள்சாலைகள் தெரிந்தவர் எப்படியாவது வீடு போய்ச் சேர்கிறார் இல்லையா, அது போல.

கால்களின் வேலையும் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 40 நிமிடம் வரை விறுவிறுப்பாக நடந்தது. மற்றது உடலை வளைத்து நீட்டும் பயிற்சி செய்தது. ஓராண்டு கழித்து, நினைவுகளைப் பதியவைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி நடந்தவர்களுக்கு 2 விழுக்காடு பெருத்திருந்தது, மற்றவர்களுக்கு 1.4 விழுக்காடு சுருங்கியிருந்தது.

அதற்காக, தாத்தாவைச் சும்மா இருக்கவிடக் கூடாது என்று நான்கு பேரப்பிள்ளைகளையும் காலை முதல் இரவு வரை அவர் தலையில் கட்டிவிடாதீர்கள். அது ஓய்வு பெற்றவருக்கு இன்னொரு முதலாளி. அவரே விரும்பித் தேர்ந்தெடுக்கும் வேலை வேண்டும். கோயில் சமையற்கூடம், தோட்டம், தையல், சதுரங்கம் என்று எதுவாகவும் இருக்கலாம். படிக்க ஆசைப்படுபவர்களுக்கு 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' என்ற அமைப்பு 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் பிறந்தது. நம் நாட்டில் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் முதுமையியல் கழகம் அதை நடத்திக் காட்டியது. சமூக நல இலாகாவின் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்கள் பல மாவட்டங்களில் உள்ளன. நம்மவர்கள் அங்கே போவது குறைவு என்பது என் அனுபவம். மொழி தெரியாதோ என்ற கூச்சம் ஒரு காரணம். நீங்கள் முதல் நாள் கூடப் போனால் அந்தக் கூச்சம் போய்விடும்.

வீட்டுச் சோதனை

இனி, தொடக்கத்தில் சொன்ன சோதனைக்கு வருவோம். கைப்பிடி இல்லாத, சக்கரம் இல்லாத, நேரான முதுகுள்ள நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டி வையுங்கள். உட்காரும் உயரம் ஏறத்தாழ 43 செண்டிமீட்டர். தாத்தா நடுவில் உட்காரட்டும். பாதங்கள் தரையில், கைகள் மார்பின் குறுக்கே. நீங்கள் பக்கத்தில், பிடிக்கத் தயாராக நில்லுங்கள். 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்கிறார் என்று எண்ணுங்கள். கையை ஊன்றி எழுந்தால் கணக்கு பூஜ்யம். தலைசுற்றல், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் என்றால் உடனே நிறுத்துங்கள். அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்தவர், இதய நோயாளி, முட்டி மோசமாக உள்ளவர் ஆகியோர் கிளினிக்கில் கேட்காமல் செய்யவேண்டாம்.

60 முதல் 64 வயது வரை ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12 முறைக்குக் குறைந்தால், விழும் ஆபத்து கூடுதல் என்று கொள்வார்கள். 70 முதல் 74 வயதுக்கு அது 12, 10. 80 முதல் 84 வயதுக்கு 10, 9. குறைவாக வந்தால் பயப்படவும் வேண்டாம், கேலி செய்யவும் வேண்டாம். சோதனையே பயிற்சியும்கூட. காலையில் ஐந்து, மாலையில் ஐந்து என்று தொடங்கி வாரத்துக்கு ஒன்றிரண்டு கூட்டலாம். சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது சமநிலைக்கு. தட்டில் சோறும் இரசமும் மட்டும் இருந்தால் தசை கட்டப் பொருள் போதாது. முட்டை, மீன், பருப்பு, தெம்பே என்று ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் புரதம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

என் அப்பா முதல் நாள் எடுத்தது 6. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன நோயாளியா?" என்று கேட்டார். மறுநாள் யாரும் சொல்லாமலே செய்திருக்கிறார். அம்மா போன் செய்து சொன்னார். நாங்களும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பதை நிறுத்தினோம். முதலில் எனக்கு அது பெரிய குற்ற உணர்வாக இருந்தது; பெற்றவரைக் கவனிக்காத பிள்ளை மாதிரி. இப்போது என் மகனைத் தமிழ்ப்பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போவது அவர் தேர்ந்தெடுத்த வேலை. மாலையில் வீட்டுக்குப் பின்னால் வெண்டையும் கத்தரியும். அந்தச் சாய்வு நாற்காலி அஞ்சடியில் கிடக்கிறது, பூனை படுத்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை 13 முறை எழுந்து காட்டினார். மூச்சு வாங்கியபடியே என்னைப் பார்த்து, "நீ எத்தனை செய்வே, பாப்போம்" என்றார். நாள் முழுக்க உட்கார்ந்து எஸ்.பி.எம். முன்னோட்டத் தேர்வுத் தாள் திருத்திய கால்களோடு எழுந்தேன். 17. கடைசி மூன்றுக்கு முட்டி சத்தம் போட்டதை அவரும் கேட்டுவிட்டார்.